வாசகர் கேள்வி – பதில்: பங்கருக்குள் கொடுத்த ஞானஸ்நானம்

கேள்வி: என் மகன் 2009 பெப்ரவரிக் கடைசியில் போர் நடந்துகொண்டிருந்த முல்லைத்தீவு மாத்தளன் கரையில் ஒரு பங்கருக்குள் (பதுங்கு குழிக்குள்) பிறந்தான். மூன்றாம் நாள் அவனுடைய உடம்பு நீலம் பாரித்தது. சுவாமியாரைத் தேடிப் போக வழி இல்லாததால், என் தாயார் தேநீர்க் கோப்பையில் இருந்த தண்ணீரை அவன் தலையில் ஊற்றி, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயர் சொல்லி ஞானஸ்நானம் கொடுத்தார். பிள்ளை பிழைத்துவிட்டான். செட்டிகுளம் முகாமில் இருந்தபோதும் ஊர் திரும்பிய பிறகும் அதைப் பதிய வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. எங்களை அறிந்த பங்குத்தந்தை பத்திரம் கேளாமலே அவனுக்கு முதல் நன்மை கொடுத்தார். இப்போது கொழும்பில் உறுதிபூசுதலுக்கு (ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்தும் திருவருட்சாதனத்துக்கு) பெயர் கொடுத்தபோது ஞானஸ்நானப் பத்திரம் கேட்கிறார்கள். வகுப்பு எடுக்கும் ஒருவர், "எண்ணெயும் பூசவில்லை, ஞானப் பெற்றோரும் இல்லை, புதிதாகவே கொடுத்துவிடலாம்" என்கிறார். இதைக் கேட்ட நாளிலிருந்து என் தாயார் சரியாகச் சாப்பிடுவதில்லை. நாங்கள் என்ன செய்வது?
– ஒரு தாய், கொட்டாஞ்சேனை

பதில்: முதலில் அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். அவர் கொடுத்தது முழுமையான ஞானஸ்நானம். அதை மறுபடியும் கொடுக்கத் திருச்சபைச் சட்டம் இடம் தருவதில்லை. அவசர வேளையில், சரியான எண்ணத்தோடு, எவரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று 1983 ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 861 ஆம் இலக்கத்தில் சொல்கிறது. தலையில் தண்ணீர் ஓட வேண்டும். பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரைச் சொல்ல வேண்டும். திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணம் இருக்க வேண்டும். எண்ணெய், வெள்ளைத் துணி, மெழுகுதிரி, ஞானப் பெற்றோர் ஆகிய எல்லாம் சடங்கை நிறைவு செய்பவை. அவை இல்லாமையால் ஞானஸ்நானம் இல்லாமற் போகாது. வேண்டுமானால் அந்தச் சடங்குகளைப் பின்னர் கோயிலில் வைத்து நிறைவு செய்யலாம், அதற்கென்றே வழிபாட்டு முறை உண்டு.

பத்திரம் கேட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். உறுதிபூசுதலும் திருமணமும் ஞானஸ்நானப் புத்தகத்தின் ஓரத்தில் குறிக்கப்படுவதால், ஒருவருடைய வேத வாழ்வு முழுவதும் அந்த ஒரு பக்கத்தில்தான் சேர்ந்திருக்கிறது. ஆனால் பக்கமே இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. 876 ஆம் இலக்கத்தின்படி, யாருக்கும் பாதகம் இல்லாதவிடத்து, நம்பத்தக்க ஒரே ஒரு சாட்சியின் வாக்குமூலம் போதும். உங்களிடம் கொடுத்தவரே உயிரோடு இருக்கிறார், பக்கத்தில் இருந்த நீங்களும் இருக்கிறீர்கள். இதைவிட வலுவான சாட்சியம் வன்னியிலிருந்து வந்த பல குடும்பங்களுக்கு வாய்ப்பதில்லை. தீர விசாரித்த பின்னரும் ஐயம் தீராதபோது மட்டுமே 'நீ முன்பு பெற்றிராவிட்டால்' என்ற நிபந்தனையோடு கொடுப்பார்கள். உங்கள் மகனுக்கு அது தேவைப்படாது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது: பிறந்த நாள், இடம், கொடுத்த நாள், ஊற்றிய விதம், சொன்ன வார்த்தைகள், உடனிருந்தோர் ஆகியவற்றை அம்மா சொல்லச் சொல்ல எழுதி, அவரைக் கையொப்பமிடச் செய்து, ஒரு ஞாயிறு பூசை முடிந்த பின் அவரையும் கூட்டிக்கொண்டு பங்குத்தந்தையிடம் போங்கள். வகுப்பு எடுப்பவரோடு வாதாட வேண்டாம். இது அவர் தீர்க்க வேண்டிய விடயமும் இல்லை. இத்தகைய ஞானஸ்நானத்தை அது நடந்த இடத்துப் பங்கில் பதிவதே முறை. முல்லைத்தீவு யாழ்ப்பாண மறைமாவட்டத்தைச் சேர்ந்தது என்பதால், உங்கள் பங்குத்தந்தை அங்குள்ள ஆயர் இல்லத்துக்கு ஒரு கடிதம் எழுதினால் பதிவு எங்கே நடக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுவார்கள்.

அம்மாவுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். ஒல்லாந்தர் 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்துக் குருக்களைத் துரத்திய பிறகு, 1687 இல் ஜோசப் வாஸ் அடிகள் பிச்சைக்காரர் வேடத்தில் வந்து சேரும் வரைக்கும், ஏறத்தாழ முப்பது வருடங்கள் அங்கே கத்தோலிக்கக் குடும்பங்கள் குருக்கள் இல்லாமலே வேதத்தைக் காத்தன. அடிகளாரை மறைத்து வைத்த சில்லாலை மக்களுக்குச் செபம் சொல்லிக் கொடுத்தவர்கள் அவர்களுடைய தாய்மாரும் பாட்டிமாருமாகத்தான் இருந்திருப்பார்கள். அந்த அடிகளாருக்கு 2015 இல் காலிமுகத்திடலில் புனிதர் பட்டம் கொடுத்தபோது கொழும்பில் பாதிப் பேர் வெயிலில் நின்றோம். அப்படிக் காத்த வேதத்தைத்தான் உங்கள் அம்மா கோப்பைத் தண்ணீரால் பேரனுக்குக் கொடுத்திருக்கிறார்.

கேள்வி: நாங்கள் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். 1995 இல் போரினால் யாழ்ப்பாணத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, தென்மராட்சியில் ஒரு பாடசாலையில் கத்தோலிக்கக் குடும்பங்களோடு தங்கியிருந்தபோது, மாலையில் அவர்கள் செபமாலை சொல்ல நாங்களும் கூட இருந்தோம். இத்தனை வருடங்களுக்குப் பிறகு, கனடாவில் இருக்கும் என் அண்ணா, அது விசுவாசத்தை விட்டுக்கொடுத்ததாகும் என்று எழுதுகிறார்.
– ஓய்வுபெற்ற ஆசிரியை, வெள்ளவத்தை

பதில்: ஒக்டோபர் 30 அன்று இரவு நாவற்குழிப் பாலத்தை நானும் கடந்தேன். என் அம்மா காணி உறுதியையும் எங்கள் ஞானஸ்நானப் பத்திரங்களையும் ஒரே சொப்பிங் பையில் சுருட்டிச் சேலைத் தலைப்பில் முடிந்திருந்தார். மழையில் மை கரைந்து, விடிந்து பார்த்தபோது என்னுடைய பத்திரத்தில் கோயில் முத்திரை மட்டுமே மிஞ்சியிருந்தது. எங்களுக்குக் கிடைத்த வகுப்பறையில் ஐந்து குடும்பங்கள் இருந்தோம். கரும்பலகைப் பக்கம் நாங்கள், கதவுப் பக்கம் உங்கள் சபையைச் சேர்ந்த ஒரு வாத்தியாரும் மனைவியும். செபமாலை வீட்டில் விடுபட்டதால், மாமா ஒருவர் வலை நூலில் ஐம்பத்துமூன்று முடிச்சுப் போட்டு இடையிடையே பெரிய முடிச்சும் வைத்துக் கொடுத்தார். அருள்நிறை மந்திரத்தின் முதற்பாதி லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் முதலாம் அதிகாரத்திலிருந்து வருவது. அதுவரைக்கும் வாத்தியார் எங்களோடு வாய்விட்டுச் சொல்வார். 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்ற பிற்பாதி வந்ததும் நிறுத்திவிடுவார். பரலோக மந்திரத்தில் மறுபடியும் சேர்ந்துகொள்வார். அதற்காக எங்களில் ஒருவரும் முகம் சுளித்ததில்லை. செபமாலை முடிந்ததும் அவர் தம்முடைய வேதாகமத்தில் 91 ஆம் சங்கீதத்தை வாசிப்பார். எங்களுடைய பழைய வேதாகமத்தில் அது 90 ஆம் சங்கீதம் என்பதால், முதல் நாள் நாங்கள் வேறு பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தோம்.

உங்கள் அண்ணாவின் கவலையில் ஒரு நியாயம் இருக்கிறது. மாதாவை நோக்கி மன்றாடுவது உங்கள் சபையின் போதனை இல்லை, அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் பக்கத்தில் இருப்பவர் செபிக்கும்போது கூட அமர்ந்திருந்ததால் எந்தச் சபையின் போதனையையும் நீங்கள் மறுதலிக்கவில்லை. அதே வருடம் ஜூலை 9 அன்று நவாலி புனித பேதுருவானவர் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் விமானக் குண்டுவீச்சில் இறந்த செய்தி நெஞ்சில் ஆறாமலே இருந்த நாட்கள் அவை. மாலையானால் ஒருவரோடொருவர் சேர்ந்திருக்காமல் எங்களால் இருட்டைத் தாங்க முடிந்திருக்காது. அண்ணாவுக்குப் பதில் எழுதும்போது, நீங்கள் எந்தப் பாதியைச் சொன்னீர்கள், எந்தப் பாதியில் பேசாதிருந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

கேள்வி: 2008 இல் மடுமாதா சுரூபத்தை மன்னார் மடுக் கோயிலிலிருந்து கொண்டுபோனது, தஞ்சம் என்று வந்த மக்களைக் கைவிட்டது போலாகாதா?
– இளைஞர் ஒருவர், ஜம்பட்டா வீதி

பதில்: மக்கள் தங்கியிருக்க, சுரூபம் மட்டும் போனது என்று நினைத்துக் கேட்கிறீர்கள். 1999 நவம்பர் 20 அன்று மடுக் கோயில் வளவில் எறிகணை விழுந்து, தஞ்சம் புகுந்திருந்தவர்களில் 30 க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2008 ஏப்ரலில் போர்முனை மறுபடியும் கோயிலை நெருங்கியபோது, குருக்கள் சுரூபத்தை வடக்கே தேவன்பிட்டிக்கு எடுத்துச் சென்றனர். வன்னிச் சனங்கள் மூட்டை முடிச்சோடு போய்க்கொண்டிருந்த திசையும் அதுதான். ஓகஸ்ட்டில் அது திரும்பி வந்தது. அந்தச் சுரூபம் மடுவுக்கு வந்ததே ஓர் இடப்பெயர்வினால்தான்: ஒல்லாந்தருக்குப் பயந்து, 1670 அளவில், மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் அதைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் நடந்தன என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. ஆவணித் திருநாளுக்குப் போகும்போது, மடு முகாமில் தறப்பாளுக்குக் கீழே வளர்ந்தவர் யாராவது உங்கள் பஸ்ஸில் இருப்பார். மாதா தங்களைக் கைவிட்டாரா என்று அவரிடமே கேளுங்கள். என்னைவிட அவருக்குத் தெரியும்.