டெர்மினல் பிளாக் வரிசையின் கடைசியில் மூடியும் ஸ்டாப்பரும் எதற்கு?

டெர்மினல் பிளாக்குகளை (வயர்களை இணைக்கும் சிறு கட்டைகள்) டின் (DIN) ரெயிலில், அதாவது பேனலுக்குள் அவற்றை மாட்டும் உலோகப் பட்டையில், மாட்டினாலே போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. மூடி, ஸ்டாப்பர் இரண்டுமே வேண்டும், இரண்டின் வேலையும் வேறு.

பெரும்பாலான டெர்மினல் பிளாக்குகளில் ஒரு பக்கம்தான் பிளாஸ்டிக் சுவர் இருக்கும். திறந்திருக்கும் மறுபக்கத்தை அடுத்த பிளாக்கின் சுவர் மூடிவிடும். வரிசையின் கடைசி பிளாக்கை மூட அடுத்து எதுவும் இல்லை. மூடி போடாவிட்டால் மின்சாரம் ஓடும் உலோகம் வெளியே தெரியும். கை பட்டால் ஷாக், ஒரு கம்பித்துண்டு பட்டால் ஷார்ட். தயவுசெய்து இதைத் தவிர்க்காதீர்கள்.

ஸ்டாப்பர், பிளாக்குகள் நகராமல் பிடிப்பதற்கு. 35 மி.மீ. ரெயிலில் பிளாக் வெறும் கிளிப்பில்தான் நிற்கிறது. அதிர்விலும் வயரின் இழுப்பிலும் பக்கவாட்டில் நகர்ந்து இடைவெளி விழும். அதனால் வரிசையின் இரு முனையிலும் போடுங்கள். ரெயிலைச் செங்குத்தாகப் பொருத்தியிருந்தால் கீழ்முனையில் கட்டாயம்.

அப்புறம், பச்சை-மஞ்சள் எர்த் பிளாக்கை மற்றவற்றைப் போல நினைக்க வேண்டாம். அதன் உலோகக் கால் ரெயிலோடு நேரடியாக இணைகிறது, எனவே ரெயிலுக்கே நல்ல எர்த் இணைப்பு வேண்டும். பெயின்ட் அடித்த தகட்டில் ரெயிலைத் திருகினால் மட்டும் அது கிடைத்துவிடாது.

பல இழை வயருக்கு ஃபெருல் (வயர் முனையில் மாட்டும் சிறு உலோகக் குழாய்) போட்டு நசுக்குங்கள். ஈயம் பூசித் திருகினால், அழுத்தத்தில் ஈயம் மெல்ல நெகிழ்ந்து இணைப்பு தளர்ந்து சூடாகும்.