கோயில் தெரிகிறது, கடை தெரியவில்லை
வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்கு அருகே மூன்று தலைமுறையாகப் பாத்திரக் கடை நடத்தி வருகிறோம். கோயிலைப் பார்க்க வரும் வெளியூர்க்காரர்கள் பார்த்த கையோடு வண்டியேறிவிடுகிறார்கள். உள்ளூர்க்காரர்களோ கல்யாணச் சீர் என்றால் சேலம் சின்னக் கடைவீதிக்குப் போய்விடுகிறார்கள். கடைவீதிக்கு நுழைவு வளைவும் அலங்கார விளக்குகளும் கேட்டு நகராட்சியில் மனுக் கொடுக்கலாம் என்று வியாபாரிகள் பேசி வருகிறோம். பலன் இருக்குமா?
- வாசகர், தாரமங்கலம்

பதில்: மனுவைச் சில மாதங்கள் ஒத்திவையுங்கள் என்றே சொல்வேன். உங்கள் ஊர்க் கோயிலிலேயே இதற்கு ஒரு சிற்பம் இருக்கிறது. வில்லேந்திய இராமன் நிற்கும் தூணருகே நின்று பார்த்தால் வாலி தெரிவான். வாலி இருக்கும் தூணருகே நின்றால் இராமன் தெரிய மாட்டான். உங்கள் வீதியின் சிக்கலும் ஏறக்குறைய இதுதான். கல்லாவில் அமர்ந்திருக்கும் உங்களுக்குக் கோயிலுக்கு வருபவர் தெரிகிறார். கல் சங்கிலியையும், சிங்கத்தின் வாய்க்குள் உருளும் கல்லுருண்டையையும் வியந்துவிட்டு வெளியே வருபவருக்கு உங்கள் கடை தெரிவதில்லை.

ஏன் தெரியவில்லை என்பதை ஒரு நாள் எதிர்ப்புறம் நின்று நீங்களே பாருங்கள். நான் பார்த்த பல சிற்றூர்க் கடைவீதிகளில் வாசலை மறைத்து நின்றவை வாடிக்கையாளரின் வண்டிகள் அல்ல. காலையில் கடை திறக்கும்போது முதலாளியும் வேலையாட்களும் நிறுத்திவிட்டு, இரவு ஷட்டரை இறக்கிய பிறகே எடுத்துச் செல்லும் இருசக்கர வாகனங்கள்தாம். ஒரு சனிக்கிழமையில் கல்லூரி மாணவர் இருவரிடம் நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போகிறது என்று குறித்துவரச் சொல்லுங்கள். அந்த நோட்டைச் சங்கக் கூட்டத்தில் வாசித்தால் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆனால் எல்லோருடைய வண்டிகளையும் சற்றுத் தள்ளி ஓரிடத்தில் நிறுத்துவது என்று முடிவெடுக்க எந்த அலுவலகத்தின் அனுமதியும் வேண்டியதில்லை, ஒரு ரூபாய் செலவும் இல்லை.

அடுத்தது கழிப்பறை. இதைச் சொன்னால் வியாபாரிகள் சிரிப்பார்கள். ஆனால் பெண்கள் ஒரு வீதியில் அரைமணி நேரம் இருப்பார்களா, மூன்று மணி நேரம் இருப்பார்களா என்பதை விளக்கு அலங்காரத்தைவிட இதுவே தீர்மானிக்கிறது. சீர்ப் பாத்திரம் வாங்க வரும் குடும்பத்தில் விலை பேசுபவரும் முடிவு சொல்பவரும் பெண்களே என்பதைப் பாத்திரக் கடைக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கழிப்பறை இருந்தும் பூட்டியிருந்தால், சாவி யாரிடம் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

நெசவு நடக்கும் ஊர் உங்களுடையது. கோயிலுக்கு வந்துபோகும் பலருக்கு அது தெரியாது. பூட்டிக் கிடக்கும் கடையொன்றின் முன்பகுதியை உரிமையாளரிடம் ஓரிரு மாதங்களுக்குக் கேட்டு வாங்கி, உரிய கூலியோடு நெசவாளர் ஒருவரைத் தறியில் அமரச் செய்தால், நடை சாத்தியிருக்கும் பகல் வேளையில் காத்திருப்பவர்களின் கால் அந்தப் பக்கம் திரும்பும். திரும்பியவர்கள் எல்லோரும் வாங்க மாட்டார்கள்தான். ஆனால் பாத்திரக் கடையைத் தாண்டித்தான் போவார்கள்.

கேள்வி: எங்கள் ஊர்க் கடைவீதியில் நடைபாதை போட வேண்டும். நகராட்சியில் நிதி இல்லை என்கிறார்கள். மக்களிடம் வசூலித்தால் கொடுப்பார்களா?
- வாசகர், எடப்பாடி

பதில்: கோயில் பண்டிகைக்குத் தலைக்கட்டு வரி போட்டுப் பழகிய மாவட்டத்தில் இப்படி ஒரு சந்தேகமா? சேலம் குகைப் பகுதியில் ஆடி மாதம் நடக்கும் வண்டி வேடிக்கையை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு குழுவும் தானே பணம் திரட்டி, வேடம் கட்டி, வண்டியை அலங்கரித்துப் போட்டிபோட்டுக்கொண்டு வருகிறது. மக்கள் கொடுப்பார்கள், கணக்குக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். பண்டிகை முடிந்ததும் வரவு செலவை நோட்டீஸாக அச்சடித்துக் கொடுப்பதுபோல் இதற்கும் அச்சடித்துக் கொடுங்கள்.

நமக்கு நாமே திட்டத்தின்கீழ், பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்தினால் மீதியை அரசு தரும். 1990-களில் தொடங்கிய இத்திட்டம் 2021-இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. ஒன்பது லட்ச ரூபாய் வேலைக்கு மூன்று லட்சம் என்றால், நூறு கடைகளுக்குத் தலா மூவாயிரம். பணம் கட்டுவதற்கு முன் வேலையின் வரைபடத்தை, வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டத்தில் வைத்துப் பேசிவிடுங்கள். தன் வாசல் எவ்வளவு உயரம் மேலே போகும், மழைநீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கடைக்காரர் அங்கே கேட்கட்டும்.

கேள்வி: மாலை வேளையில் தள்ளுவண்டியில் தட்டுவடை செட் விற்கிறேன். வீதியை அழகுபடுத்தப் போகிறார்கள், வண்டிகளை எடுத்துவிடுவார்கள் என்கிறார்கள். நான் என்ன செய்வது?
- வாசகி, ஆத்தூர்

பதில்: 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கும்வரை உங்களை அப்புறப்படுத்த முடியாது, அதன் பிறகு இடம் மாற்றுவதானாலும் முப்பது நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். இச்சட்டப்படி தெரு வியாபாரத்துக்கென நகராட்சியில் அமைக்கப்படும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுக்கும் வியாபாரிகள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கணக்கெடுப்பில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று நகராட்சியில் இந்த வாரமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வண்டியால் வியாபாரம் கெடுகிறது என்று சொல்லும் கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னி தடவி, துருவிய கேரட்டும் பீட்ரூட்டும் வெங்காயமும் வைத்துத் தரும் அந்தத் தட்டை நின்றுகொண்டுதான் தின்ன வேண்டும். அந்த ஐந்து நிமிடமும் தின்பவரின் கண் எதிர்க் கடையில்தான் இருக்கிறது. அம்மா, உங்கள் வண்டிக்கு எதிரே உள்ள கடைக்காரரையும் உடன் அழைத்துக்கொண்டே நகராட்சிக்குப் போங்கள்.