காய்ச்சினாலும் கிணற்றுத் தண்ணியில் நைத்திரேற்று குறையேல்லை

கிணத்துத் தண்ணியைக் காய்ச்சியும் நைத்திரேற்று (நைதரசனும் ஒட்சிசனும் சேர்ந்த, தண்ணியில கரையிற பொருள்) ஏன் குறையேல்லை, அதில பிள்ளைக்குப் பால்மா கரைக்கலாமோ எண்டு கேட்டிருந்தீங்கள். காய்ச்சி அதை எடுக்க ஏலாது. தண்ணி ஆவியாக, செறிவு கூடத்தான் செய்யும்.

தண்ணிப் பரிசோதனை அறிக்கையில இருந்து நீங்கள் போட்ட அளவு லீற்றருக்கு 70 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். மூன்று மாதப் பிள்ளைக்கு அந்தத் தண்ணியில பால்மா கரைக்கிறதை இண்டைக்கே நிப்பாட்டுங்கோ. உடம்புக்குள்ள நைத்திரேற்று, நைத்திரைற்று எண்ட வேற பொருளாக மாறி, இரத்தத்தில இருக்கிற ஈமோகுளோபினை ஒட்சிசன் காவ விடாது. உதடு, நகம் நீலம் பாரிச்சால் உடனே ஆஸ்பத்திரி.

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் வெங்காயத் தோட்டத்துக்குப் பக்கத்துக் கிணறு எண்டால், பெரும்பாலும் பசளைதான். 50 கிலோ யூரியா மூட்டைக்குள்ள 23 கிலோ நைதரசன். பயிர் எடுக்காத மிச்சம் செம்மண்ணால இறங்கி, சுண்ணாம்புக்கல் வெடிப்பு வழியாக் கிணத்துக்கு வரும். ஊர் திண்டு கழிக்கிறதும் மலகூடக் குழியால அங்கதான் போகுது. மலக்கிருமிப் பரிசோதனையும் செய்வியுங்கோ. கிருமி இருந்தால் குழியையும் சந்தேகிக்க வேணும்.

ஒண்டு கவனம்: அறிக்கையில 'நைத்திரேற்று நைதரசன்' (நைத்திரேற்றில இருக்கிற நைதரசனை மட்டும் கணக்கெடுத்த அளவு) எண்டு இருந்தால் எல்லை கிட்டத்தட்ட 11 தான், உங்கட 70 மிக மோசம். கரி வடிகட்டி இதுக்கு உதவாது. ஆர்ஓ வடிகட்டி (தண்ணியை அமுக்கி நுண்ணிய சவ்வால தள்ளுற வடிகட்டி) குறைக்கும். பெரியாக்கள் குடிக்கிற தண்ணியைக் கிருமிக்காகத் தொடர்ந்து காய்ச்சுங்கோ.