எக்கோ ரிப்போர்ட்டில் 7 மி.மீ. கொழுப்பு என்றால் அடைப்பா?

வணக்கம். அப்பாவுக்கு எக்கோவில் இதயத்தைச் சுற்றி 7 மி.மீ. கொழுப்பு, ஆள் ஒல்லி, தொப்பை மட்டும் கொஞ்சம், இது அடைப்பா என்று கேட்டிருந்தீர்கள். பதறாதீர்கள். அந்த அளவு அடைப்பைக் காட்டுவதில்லை.

இந்தக் கொழுப்பு எல்லோருக்கும் உண்டு. 5 மி.மீ.யைத் தாண்டினால் அதிகம் என்று பல டாக்டர்கள் கணக்கில் வைப்பார்கள். சிக்கல் அது இருக்கும் இடத்தில்தான். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரி குழாய்கள் இந்தக் கொழுப்புக்குள்ளேதான் ஓடுகின்றன, நடுவில் தடுப்புச் சவ்வு கிடையாது. கொழுப்பு பெருத்தால் அது சுரக்கும் அழற்சிப் பொருள்கள் (வீக்கத்தையும் புண்ணையும் தூண்டுபவை) நேராகக் குழாய்ச் சுவருக்கே போகும். சிலருக்குக் குழாயின் ஒரு துண்டு இதயத் தசைக்குள் புதைந்து ஓடும். கொழுப்பு தொடாத அந்தத் துண்டில் மட்டும், அடைப்பை உண்டாக்கும் படிவு அபூர்வம்! கொழுப்பு மட்டுமே காரணம் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது, ஆனாலும் யோசிக்க வைக்கிற விஷயம்.

ஒல்லி என்பதை நம்பாதீர்கள். டேப்பை எடுத்து இடுப்பை அளங்கள். நம் ஆண்களுக்கு 90 செ.மீ. தான் எல்லை. அப்புறம் சர்க்கரை, கொலஸ்ட்ரால், பிரஷர் மூன்றையும் பார்த்துவிட்டு, சிடி கால்சியம் ஸ்கோர் (கரோனரி குழாய்களில் சுண்ணாம்புப் படிவு எவ்வளவு என்று பார்க்கும் ஸ்கேன்) தேவையா என்று இதய டாக்டரிடம் கேளுங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ மூச்சு வாங்கினாலோ அதுவரை காத்திருக்க வேண்டாம், உடனே கூட்டிப்போங்கள்.