கடலடிச் சேற்றில் புதுசு எது?

மும்பையில் கடல் நுண்ணுயிர் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். ஆழ்கடல் வண்டலிலிருந்து புதிய பாக்டீரியா சிற்றினத்தை அடையாளம் காண்பது பற்றி நம் தமிழ் நண்பர்கள் கேட்டவையும் என் பதில்களும் இங்கே.

மாட்டுங்கா, பி.எஸ்ஸி. மாணவி: அக்கா, என் பாக்டீரியாவோட 16எஸ் சீக்வென்ஸ் (இனம் காண ஒப்பிடுற மரபணுவோட எழுத்து வரிசை) தெரிஞ்ச இனங்களோட 97.9 சதவீதம்தான் பொருந்துது. புதுசுன்னு சொல்லிடலாமா?

அவசரப்படாதேம்மா. முதலில் சீக்வென்ஸ் முழுசாக இருக்கிறதா என்று பார். 16எஸ் மரபணு ஏறக்குறைய 1,500 எழுத்து நீளம். 700 எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால், அதன் நுனியில் பத்து எழுத்து தப்பாக விழுந்தாலே ஒன்றரை சதவீதம் இறங்கிவிடும். முழு நீளத்திலும் 98.7 சதவீதத்துக்குக் கீழே நின்றால் நம்பிக்கை வைக்கலாம். அடுத்தது முழு ஜீனோம், அதாவது அதன் மரபணுத் தொகுதி மொத்தமும். நெருங்கிய உறவுகளின் ஜீனோமோடு ஒப்பிடும்போது சராசரி ஒற்றுமை 95, 96 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். 16எஸ் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்து, ஜீனோம் வேறு சிற்றினம் என்று காட்டுவதும் உண்டு. அதனால் 99 சதவீதம் வந்ததையெல்லாம் தூக்கிப் போட்டுவிடாதே.

தாராவி, பத்தாம் வகுப்பு மாணவர்: அவ்வளவு ஆழத்துல நசுங்காதா?

பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும் தம்பி. 4,000 மீட்டரில் 400 மடங்கு. குளிரோ இரண்டு மூன்று டிகிரி. இரண்டும் சேர்ந்து பாக்டீரியாவின் உறை போன்ற சவ்வை இறுக்கப் பார்க்கும். ஜனவரியில் வீட்டில் தேங்காய் எண்ணெய் உறைகிறது, நல்லெண்ணெய் உறைவதில்லை, கவனித்திருப்பாய். ஆழ்கடல் பாக்டீரியாவின் சவ்வில் நல்லெண்ணெய் மாதிரி இளகிய கொழுப்பு அதிகம், அதனால் சவ்வு இறுகிப்போவதில்லை. அழுத்தம் இல்லாவிட்டால் வளரவே வளராத பாக்டீரியாவை 1981-ல் மரியானா அகழியிலிருந்து எடுத்துக் காட்டினார்கள்.

முலுண்ட், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி: சேற்றை மேலே கொண்டு வரும்போது கப்பல் கிருமி, கைக் கிருமி ஒட்டாதா?

ஐயா, எல்லாரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். குழாயில் வரும் சேற்றின் வெளிப்புறத்தை நாங்கள் நம்புவதில்லை. நுனி வெட்டிய, கிருமி நீக்கிய சிரிஞ்சை நடுவில் குத்தி உள்சேற்றை மட்டும் இழுத்துக்கொள்வோம். அப்படியும் ஒருமுறை ஏமாந்தேன். குளிரில் வைத்த வளர்ப்புத் தட்டில் மூன்றாவது வாரம் குண்டூசித் தலை அளவில் மஞ்சள் காலனி (பாக்டீரியாக் கூட்டம்) வந்தது. அதன் ஓரத்திலேயே வெள்ளையாக இன்னொன்று. புதுத் தட்டில் கோடிழுத்துப் பிரித்தபோது வெள்ளையை மஞ்சள் என்று நினைத்து எடுத்துவிட்டேன். அது 37 டிகிரியில் ஒரே இரவில் தட்டை நிரப்பியபோதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். இரண்டு மாதம் கழித்து சீக்வென்ஸ் வந்தது: மனிதத் தோலில் வாழும் ஸ்டஃபிலோகாக்கஸ். மஞ்சள் அதற்குள் செத்துப்போயிருந்தது. இன்றும் மனசு ஆறவில்லை.

செம்பூர், இல்லத்தரசி: ஒண்ணை வளர்க்க எவ்வளவு நாள் ஆகும்?

சிலது வாரக் கணக்கு, சிலது வருடக் கணக்கு அம்மா. ஜப்பான் அருகே 2,533 மீட்டர் ஆழத்துச் சேற்றை 2006-ல் எடுத்தார்கள். அதிலிருந்த ஓர் ஆர்க்கியாவை (பாக்டீரியா அல்ல, வேறு குலம்) வளர்த்தெடுக்கப் பன்னிரண்டு வருடம் போராடினார்கள். 2020-ல்தான் கட்டுரை வந்தது.

அந்தேரி, ஐ.டி. ஊழியர்: பேரை நாமே வைக்கலாமா?

லத்தீன் வடிவில் வைக்கலாம். சொந்தப் பெயரை வைத்துக்கொள்வது முறையல்ல. வளிமண்டலத்தின் மேலடுக்கிலிருந்து எடுத்த ஒன்றுக்கு 2009-ல் நம் விஞ்ஞானிகள் ஆரியபட்டர் பெயரை வைத்தார்கள். பிறகு அதன் பேரினம் பேசில்லஸிலிருந்து பிரீஸ்டியாவுக்கு மாறியது.

கல்யாண், எம்.எஸ்ஸி. மாணவர்: ஜீனோம் கையில இருக்கு. உயிரோட வளர்த்தே ஆகணுமா?

வளர்க்க முடியாதவற்றுக்கு ஜீனோமை வைத்தே பெயர் தர 2022-லிருந்து சீக்கோட் என்ற தனி முறை இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் வளரக்கூடியதை வளர்க்காமல் விடுவதை என்னால் ஏற்க முடியாது. பெயர் வைப்பதற்கான பழைய விதிப்படி உயிருள்ள மாதிரியை இரண்டு நாடுகளில் உள்ள சேமிப்பகங்களில் ஒப்படைக்க வேண்டும். நம் நாட்டில் சண்டிகரிலும் புனேயிலும் இருக்கின்றன. நாளைக்கு யாராவது உன் முடிவைச் சந்தேகப்பட்டால், அதே உயிரை வாங்கி வளர்த்துப் பார்க்கலாம். ஜீனோம் எழுத்துக் கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு அது முடியாது. உன்னுடையது தட்டில் இருக்கிறது என்றால், உறையும்போது சாகாமல் காக்கும் கிளிசரால் கலந்து நான்கைந்து குழாய்களில் இன்றைக்கே மைனஸ் 80 டிகிரியில் போடு. ஒரே ஃப்ரீசரில் எல்லாவற்றையும் வைக்காதே.