படத்தில் சிரித்தோம், தொடரிலும் சிரிக்கலாமா?

கேள்வி: 1989-ல் வந்த ‘பேரன்ட்ஹுட்’ படம் என் கணவருக்கு உயிர். எத்தனையாவது முறை பார்த்தாலும் விழுந்து விழுந்து சிரிப்பார். அதே பெயரில் டிவி தொடர் இருக்கிறது, மூன்று பேரும் சேர்ந்து பார்க்கலாம் என்கிறாள் பிளஸ் டூ படிக்கும் மகள். படத்தின் கலகலப்பு அதில் உண்டா? அவளோடு உட்கார்ந்து பார்க்கலாமா? – ஒரு வாசகி, திருச்சி

பதில்: பாருங்கள். ஆனால் படத்தில் அப்பாவாக வரும் ஸ்டீவ் மார்ட்டினின் சேட்டைகளை எதிர்பார்க்க வேண்டாம் என்று கணவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தொடரிலும் சிரிப்பு உண்டு, அழவைக்கும் இடங்கள்தான் அதிகம்.

வயதான பெற்றோர், வளர்ந்த நான்கு பிள்ளைகள், அவர்களுடைய பிள்ளைகள் என்ற அமைப்பைத்தான் படத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள். செயின்ட் லூயிஸின் பக்மன் குடும்பம் இங்கே கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் வாழும் பிரேவர்மன் குடும்பமாகிவிட்டது. பெயர்களும் நடிகர்களும் வேறு. (1990-லேயே ஒருமுறை இந்தப் படத்தைத் தொடராக்கிப் பார்த்தார்கள். ஒரே சீசனில் மூடிவிட்டார்கள். அதில் சின்னப் பையனாக லியோனார்டோ டிகாப்ரியோ நடித்தார். மகளிடம் சொல்லுங்கள், நம்ப மாட்டாள்.)

படத்தில் மூத்த பையன் கெவினை ஞாபகம் இருக்கிறதா? எதற்கெடுத்தாலும் பதறும் பிள்ளை. பள்ளியில் அவனுக்குத் தனிக் கவனிப்பு வேண்டும் என்கிறார்கள். அப்பா துடிக்கிறார். அப்புறம் பிறந்தநாள் விழாவில் கௌபாய் வேஷம், பேஸ்பால் மைதானத்தில் ஒரு கேட்ச் என்று படம் நம்மைச் சிரிக்க வைத்து நகர்ந்துவிடுகிறது. இரண்டு மணி நேரத்தில் வேறென்ன செய்ய முடியும்?

தொடர் அந்த இடத்தில்தான் நின்று பேசுகிறது. கெவினின் இடத்தில் மேக்ஸ். அவனுக்கு ஆஸ்பெர்கர் (ஆட்டிஸத்தின் ஒரு வகை) இருப்பது முதல் எபிசோடிலேயே தெரியவருகிறது. ‘பேரனுக்கு ஒன்றுமில்லை’ என்று அடம்பிடிக்கும் தாத்தா, அவரிடம் உண்மையைச் சொல்லத் திணறும் அப்பா, தம்பிக்கே எல்லாக் கவனமும் போவதைப் பார்த்துக்கொண்டு வளரும் அக்கா என்று ஆறு சீசன்களுக்கும் இந்த இழை ஓடுகிறது. அதிசயமாக எதுவும் சரியாகிவிடுவதில்லை. தொடரை உருவாக்கிய ஜேசன் கேட்டிம்ஸின் மகனுக்கும் அதே நிலைதான். கதையில் தெரியும் உண்மைக்கு அது ஒரு காரணம். இந்த ஒன்றுக்காகவே, படத்தைவிடத் தொடர் ஒரு படி மேல் என்பேன்.

பேச்சும் பிரமாதம். சாப்பாட்டு மேஜையில் நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள், ஒருவரும் அடுத்தவரை முடிக்க விடமாட்டார்கள். சப்டைட்டில் இல்லாமல் சமாளிப்பது கஷ்டம். இரண்டு பிள்ளைகளோடு பெற்றோர் வீட்டுக்கே திரும்பிவரும் மகள் சாராவாக லாரன் கிரஹாம் வருகிறார். கோபமும் கேலியும் ஒரே வரியில் வரும் அவருக்கு.

குறை இல்லாமல் இல்லை. ஐந்தாவது சீசன் 22 எபிசோடுகள், அதில் மேயர் தேர்தல் கதையெல்லாம் இழுவை. அங்கே கொஞ்சம் ஓட்டிவிட்டால் ஒன்றும் குடிமுழுகாது.

மகளோடு பார்ப்பது பற்றி: ஆபாசம் கிடையாது, அமெரிக்காவில் என்பிசி சேனலில் 2010 முதல் 2015 வரை வந்த குடும்பத் தொடர் இது. ஆனால் டீன்ஏஜ் காதல், குடி, உடலுறவு பற்றிய பேச்சு எல்லாம் வரும். நான்காவது சீசனில் பள்ளி மாணவி ஒருத்தி கருக்கலைப்பு செய்துகொள்கிறாள். அந்த இடத்தில் ரிமோட்டைத் தேடாதீர்கள். மகள் ஏதாவது கேட்டால் பதில் சொல்லுங்கள், கேட்காவிட்டால் நீங்களாகக் கிளற வேண்டாம்.

முதல் சீசன் 13 எபிசோடுதான். அதற்குள் கணவருக்குப் பிடிபடவில்லை என்றால் அவரைப் பழைய படத்தோடு விட்டுவிட்டு, நீங்கள் இரண்டு பேரும் மேலே பாருங்கள்.