மாடி அறைக்கு பஃப் பேனல்: வீசிங் உள்ள பையனுக்கு ஆகுமா?

கேள்வி: மொட்டை மாடியில் பஃப் பேனலில் (இரண்டு தகடுக்கு நடுவே பாலியூரித்தேன் ஃபோம் வைத்த பலகை) ஒரு ரூம் போடுகிறோம். மகனுக்கு வீசிங் உண்டு. உள்ளே இருக்கும் ஃபோமால் கெடுதல் வருமா? 'கிரீன் பேனல்' என்று சதுர அடிக்குக் கூடுதலாகக் கேட்கிறார்கள், வாங்கலாமா?

வாங்காதீர்கள். கிரீன் என்று சும்மா அச்சடித்துவிட முடியாது, அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024-லேயே வழிகாட்டுதல் போட்டிருக்கிறது. ஃபோமை உப்ப வைக்க ஓசோனைக் கெடுக்கும் வாயு போடவில்லை என்று காரணம் சொல்வார்கள். அந்த எச்சிஎஃப்சி-141பி 2020 தொடக்கத்திலேயே நாடு முழுக்க நிறுத்தப்பட்டுவிட்டது, அதற்கு நீங்கள் ஏன் தனியாகக் காசு தர வேண்டும்?

தொழிற்சாலையிலேயே இறுகி, இரண்டு பக்கமும் தகடு மூடி வருகிற பஃப்பால் மூச்சுக்குப் பெரிதாகத் தொல்லை இல்லை. என் கவலையெல்லாம் சைட்டில் அடிக்கிற ஃபோம் பற்றித்தான். பேனல் இடுக்கை அடைக்க டப்பா ஃபோம் அடிப்பார்கள், சில இடங்களில் கூரைக்கு அடியில் மெஷின் வைத்தே தெளிப்பார்கள். அது இறுகும் வரை ஐசோசயனேட் என்ற ரசாயனம் காற்றில் இருக்கும், அந்த வேலை செய்கிறவர்களுக்கே ஆஸ்துமாவைக் கொண்டுவருகிற சரக்கு அது. அதனால் அடிக்கிற அன்றும் மறுநாளும் பையனை மாடிப்பக்கமே விடாதீர்கள், முடிந்தால் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், ஜன்னலெல்லாம் திறந்தே கிடக்கட்டும். வாசனை போய்விட்டது என்று மேஸ்திரி சொல்வதை நம்பி முன்னாடியே கூட்டி வராதீர்கள். அப்புறம் மழை. இடுக்கில் தண்ணீர் இறங்கிப் பூஞ்சை பிடித்தால் வீசிங்குக்கு அதைவிட வேறு வேண்டாம். முதல் மழையிலேயே சுவரைத் தடவிப் பாருங்கள்.

அந்த ரூமில் அடுப்பு வைப்பதாக இருந்தால் மட்டும் ராக்வுல் பேனல் (ஃபோமுக்குப் பதில் கல்லை உருக்கி இழைத்த, தீப்பிடிக்காத பஞ்சு வைத்தது). பஃப் எரிந்தால் வரும் புகை விஷம்.

இடைத்தரகர்கள் செய்கிற பெரிய வேலை, பஃப் விலைக்குத் தெர்மாகோலைத் தள்ளிவிடுவது. பஃப் ஃபோமுக்கு ஐஎஸ் 12436 என்று இந்தியத் தர எண்ணெல்லாம் இருக்கிறது, ஆனால் வீட்டுக்கு வாங்குகிறவர் டெஸ்ட் ரிப்போர்ட் கேட்டால் எப்போதோ எடுத்த ஜெராக்ஸைத்தான் நீட்டுகிறார்கள். நீங்களே பார்த்துவிடலாம். தகடு இல்லாமல் ஃபோமை மட்டும் 20 செ.மீ. நீளம், 10 அகலம், 5 தடிமனில் அறுத்துத் தரச் சொல்லிச் சமையலறைத் தராசில் வையுங்கள். 40 கிராமை ஒட்டி வந்தால் சரி. முத்து முத்தாக உதிர்ந்து, 15, 20 என்று காட்டினால் தெர்மாகோல். லாரி வந்து இறங்கும்போதும் ஒரு துண்டை இப்படி எடை போட்டுவிட்டுப் பாக்கிப் பணத்தைக் கொடுங்கள், சாம்பிள் ஒன்றும் லோடு வேறொன்றுமாக வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.